சந்தனம் வைத்த கேசட்

"ஹலோ… ஜேம்ஸா?… நான்தான்டா, தாட்சாயிணி அக்கா. கள்ளிக்குப்பத்துலேர்ந்து பேசறேன்… ஆமா, ஆமா… எங்க உள்ள போவுது? நீ குடுத்த அடாப்டர் மெஷின்ல குந்திச்சு. கேசட்டு அதுக்குள்ள குந்தமாட்டேங்குது… அழுத்திப் பாத்தேன்டா. ஒடஞ்சி கிடஞ்சி போயிடுமோன்னு பயமா கீது."

தாட்சாயிணி டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் ரிசீவர், இன்னொரு கையில் வீடியோ கேம் கேசட். டிவி மேல் தம்பி உத்தமனின் படம், மாலை போட்டுப் புதுப் பொட்டு வைத்து. இன்று அவனுக்கு வருஷத் திவசம். அவள் பேசிக்கொண்டிருந்த அந்தப் போனும் அவன் டெலிபோன் ஆபீசுக்கு எழுதிப் போட்டதுதான். வரும் வரும் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பைக்கோடு பூந்தமல்லி ரோட்டில் லாரிக்கு அடியில் போன பிறகுதான் வந்து சேர்ந்தது. எழுதிப் போட்டவன் அதில் ஒரு ஹலோ சொல்லவில்லை. வரிசைக்கு யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்றெல்லாம் தெரியுமா என்ன.

"இன்னாது?… திருப்பியா? படம் ஒட்டுன பக்கம் எம்மூஞ்சிய பாக்கணும்தானே… ஓ, அந்தாண்டையா. நமக்கு முதுக காட்டிகினு நிக்கணுமா… சரி. சரி, சரி… இரு, ரிசீவர தோள்ல வெச்சிக்கறேன்… ஆங். குந்திச்சு. டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சுடா."

உத்தமன் ஆடிய பழைய மெஷின் அவன் இருக்கும்போதே புகைந்துபோனது. இப்போது பர்மா பஜாரில் கிடைப்பதெல்லாம் புது மாதிரி. அதன் வாய் அகலம், பழைய கேசட்டின் பல் குறுகல்; நேராகப் போட்டால் நிற்காது. நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். மேலே பழைய கேசட்டுக்கு ஒரு வாய், கீழே புது மெஷினுக்கு ஒரு பல் வரிசை, அவ்வளவுதான் சமாச்சாரம். ஜேம்ஸ்தான் எங்கெங்கோ அலைந்து வாங்கிவந்தான். உத்தமனோடு ராப்பகலாக இதே தரையில் உட்கார்ந்து ஆடினவன், வாங்கிவந்ததை கேட்டிலேயே கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். உள்ளே வந்தால் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டுமே.

இத்தனை பாடும் அம்மாவுக்காக. அந்த விளையாட்டில் ஆடுகிறவன் பேரை எழுதிவைக்கலாம். உத்தமன் தன் பேரை எழுதாமல் அம்மா பேரை எழுதிவைத்தான். குப்பம்மா. "எம்மா, உம்பேரு டிவில வருது, வந்து பாரு" என்று தினம் கூப்பிடுவான். "கொழம்பு தீயுது, போடா" என்பாள் அவள். பாவி மனுஷி ஒரு நாள் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது ஒரு மாதமாக அதே பிடிவாதம்: படையல் போடும்போது பிள்ளை எழுதின பேர் டிவியில் நிற்க வேண்டும். ஒரு தரம் பார்த்தால் போதும் என்கிறாள்.

"போட்டேன்… சாம்பலா வருது… கோடு கோடா ஓடுது… ஊதவா?… ஏன், அவன் ஊதுவானே… சரி, சரி, ஊதல. துணியா?… இரு, கால்ல அடிபட்டப்ப வாங்கின ஸ்பிரிட்டு கீது… ஆங், நனைச்சிட்டேன். பல்லுல தொடைக்கறேன்… டேய். இன்னாடா இது… துணியில மஞ்சளா வருது… துரு இல்லடா. மோந்து பாத்தேன். சந்தனம்."

கருமாதியன்று படையலில் உத்தமனுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தார்கள். நீலச் சட்டை, வாட்ச், ஆட்டுக்கறிக் குழம்பு, கூடவே இந்தக் கேசட். படையலில் வைக்கிற பொருள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அம்மா சட்டையைத் துவைத்தாள், வாட்சைத் துடைத்தாள், கேசட்டை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் கழுவினாள். மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு. ஆயுத பூஜைக்கு அவன் பைக்குக்கு எப்படி வைப்பாளோ அப்படியேதான் வைத்தாள். எது பல், எது முதுகு என்று அவளுக்கு யார் சொன்னார்கள். நின்றவர்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

"…அம்மாதான்டா. கருமாதிக்கு… ஆமா, கழுவித்தான். மஞ்சத்தண்ணில. அவங்களுக்கு இன்னா தெரியும், சொல்லு… பேட்டரியா? கேசட்டுக்குள்ளயா?… அது இருந்தாத்தான் பேரு நிக்குமா… தண்ணி உள்ள போனா?… போயிருக்கும்னா, கண்டிப்பாவா, இல்ல உனக்கு அப்டி தோணுதா?… சரி. திட்டல. காய வெச்சிட்டு போட்டுப் பாக்கறேன்… இரு… இரு…"

டிவியில் கோடுகள் அடங்கி, கோட்டை ஒன்று வந்தது. பாட்டு ஆரம்பித்தது. ஒரு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத பாட்டு. ஒரு காலத்தில் இதைக் கேட்டாலே "சனியன, சத்தத்த கொறைடா" என்று கத்தினவள்தான் தாட்சாயிணி. இப்போது தோளிலிருந்த ரிசீவர் நழுவி மடியில் விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"வந்துச்சா?" என்று சமையற்கட்டிலிருந்து அம்மாவின் குரல். எண்ணெய் காய்கிற சத்தம்.

"வருதும்மா, வருது… ஹலோ, ஜேம்ஸ், இருக்கியா? பாட்டு வந்துச்சுடா. அதே பாட்டு… ஆமா… ஸ்டார்ட்ட அழுத்திட்டேன். பேரு எழுதற பக்கம் வருது… இரு…"

பேர் நிற்க வேண்டிய இடத்தில் மூன்று கோடு வந்தது. மூன்றும் வெறும் கோடு.

"காலிடா… காலி. மூணும் காலி… இல்ல, ஒண்ணும் இல்ல, கோடுதான் கீது… அணைச்சிப் போட்டா வருமா?… வராதா… ஜேம்ஸ், அம்மாவே அழிச்சிட்டாங்கடா. இத்த எப்டிடா அவங்ககிட்ட சொல்றது? வடை சுட்டுகினு கீறாங்க. எம்புள்ள எழுதனத பாக்கப்போறேன்னு காலைலேர்ந்து சிரிச்சிகினு கீறாங்க. வருஷமாச்சுடா அவங்க சிரிச்சு."

போனில் பேசுகிறவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. எதிராளிக்குக் கேட்க வேண்டும் என்று ஆவடி வரைக்கும் கத்துவார்கள். அடுத்த அறைக்குக் கேட்குமே என்று தோன்றாது. தாட்சாயிணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் உரக்க அழுதாள். ஜேம்ஸ் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"மெதுவாத்தான் பேசறேன்… இன்னா சொன்ன?… நாம எழுதறதா?… பொய்தானேடா அது. அவன் எழுதனாப்லயா ஆவும்?… ஆமா, அவங்களுக்கு இங்கிலீசும் தெரியாது, தமிழும் தெரியாது… கைநாட்டுதான்… சரி. சரிடா. அவங்க கழுவிதான் போச்சுன்னு சொல்றதுக்கு இது தேவல. சொல்லு, எப்டி எழுதுவான்?… மொதல்ல கே… அழுத்திட்டேன். யூ… ரெண்டு பி-யா… அப்பால ஏ… எம், இன்னொரு எம்… மறுபடி ஏ. அதோட எடம் முடிஞ்சிபோச்சு. கரெக்டா பூந்துச்சுடா. அதனாலதான் அவன் பேர உட்டுட்டு அம்மா பேர வெச்சானா?… இல்லயா. சும்மாதான் கேட்டேன்… இன்னாது? அணைச்சா பூடுமா? கரண்டு போனாலுமா?… சரி, அணைக்கமாட்டேன். படையல் முடியறவரைக்கும் நின்னா போதும்."

அம்மா தட்டோடு வந்தாள். தட்டில் வடை, ஓரத்தில் சந்தனக் கிண்ணம். டிவி முன்னால் குனிந்து நின்றாள். எது என்று கேட்டாள். தாட்சாயிணி விரலால் காட்டினாள். குப்பம்மா அந்த வெள்ளை எழுத்துகளை முதலிலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தாள். பிறகு விரலில் சந்தனத்தைத் தொட்டு, கண்ணாடியில் பேருக்குக் கீழே ஒரு பொட்டு வைத்தாள்.

"பாத்துட்டாங்கடா… ஆமா… பாத்துகினே கீறாங்க… சந்தோஷம்தான் போல… இரு, அம்மா உங்கிட்ட பேசணுமாம். குடுக்கறேன்."

ரிசீவரைக் கொடுத்துவிட்டு, இலை அறுக்கப் பின்பக்கம் போனாள். அப்பாடா என்றிருந்தது. இரண்டு இலையை அறுத்து, தூசி தட்டி, பின்வாசலுக்கு வந்தவள் அங்கேயே நின்றாள். அம்மா தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். போனில் அப்படிப் பேச அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ.

"…அழாத நைனா. கேட்ல குடுத்துட்டுப் பூட்டன்னு நான் ஒண்ணும் கோச்சிக்கல… ஜேம்சு, ஒண்ணு சொல்றேன், அவகிட்ட சொல்லிடாத… எனக்கு எழுத்துதான் தெரியாது. காது நல்லா கேக்கும்… ஆமா… நீ பேசனது கேக்கல, அவ பேசனது பூரா கேட்டுச்சு. கேட்டுகினேதான் வடைய திருப்பிகினு இருந்தேன்… இல்ல, இரு, நான் சொல்லிடறேன். எம்புள்ள என் பேர எழுதி வெச்சிருந்தான். நானே மஞ்சத்தண்ணில கழுவி உட்டுட்டேன்… இருக்கட்டும்டா, தெரியாம செஞ்சாலும் செஞ்சது நான்தானே."

தாட்சாயிணி இலையை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு மின்னாடி பொறந்தது ஒண்ணும் தங்கலன்னு, என்னை குப்பையில போட்டு எடுத்து இந்தப் பேரு வெச்சாங்க. நான் தங்கிட்டேன். எம்புள்ளைக்கு மட்டும் நல்ல பேரா வெச்சேன், ஜேம்சு… ம்… ம்… அது கெடக்கட்டும். இவ என்னை ஏமாத்திட்டதா நெனச்சிகினு கீறா. நெனச்சிகினு போவட்டும். அவளுக்கும் மனசு ஆறணும் இல்ல… ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவன் எழுதனதும் இப்டிதான் இருந்துச்சா?… இதே வெள்ள எழுத்தா?… இதே எடத்துலயா?… சரி. அப்ப பாத்துட்டேன். எனக்கு அது போதும்."

தாட்சாயிணி சத்தம் போடாமல் நாலடி பின்னால் போனாள். குழாயடியில் இருந்த பக்கெட்டைக் காலால் ஒரு உதை உதைத்தாள். அது உருண்டு சுவரில் மோதியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பைத் தரையில் தேய்த்தபடி நடந்து வந்தாள்.

அம்மாவின் குரல் உயர்ந்தது. ஆவடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"…ஆமா ஜேம்சு, பாத்தேன், பாத்தேன். அழகா எழுதிகீறான் எம்புள்ள. ஒரு எழுத்துகூட அழியல… ஆமா, தாட்சாயிணிதான் கஷ்டப்பட்டு வர வெச்சா… நீ வா. ஊட்டுக்குள்ள வா, கேட்ல நிக்காத. உனக்கும் எல போடறோம்… இதோ, எல வந்துச்சு. வெச்சிடறேன்."