இரண்டாவது புகைபோக்கி

எனக்குச் சரித்திரம் வாசிக்கப் பிடிக்கும். முன்னூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் அடுப்பு வரி என்று ஒன்று இருந்தது. அதிகாரி கிராமம் கிராமமாகப் போய் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை அடுப்பு என்று எண்ணுவான். அவன் வருமுன் சிலர் புகைபோக்கியைக் கல் வைத்து அடைத்துவிடுவார்கள். நூலகப் புத்தகமொன்றில் இதை வாசித்துவிட்டு மங்கையற்கரசிக்குச் சொன்னேன். அவள் என் தங்கை. புருசனை ஊரில் நடந்த போரில் பறிகொடுத்தவள். நான்தான் இந்தக் குளிர் நாட்டுக்குக் கூப்பிட்டு, மில்லிக்கன் என்ற இடத்தில் என் வீட்டுப் பேஸ்மென்றில், நிலத்தடி அறையில், இருத்தினேன். கதையைக் கேட்டு நன்றாகச் சிரித்தாள்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு மாசியில் என் வீட்டுக்கும் வரி மதிப்பிட ஆள் வருவதாக இருந்தது. கீழே தனிக் குடித்தனம் இருந்தால் வரி கூடும். என்னால் கட்ட முடியாத வரியல்ல. அவளுடைய காஸ் ஹீட்டரின் புகைக்குழாய் வெளிச் சுவரில் தெரிந்தது. மூடியைக் கழற்றி, குழாயின் வாயில் பஞ்சு அடைத்து, சுவரின் நிறத்திலேயே ஒரு பலகை அறைந்தேன்.

"அண்ணை, அவங்கள் புகைபோக்கியை அடைச்சாங்கள். நீங்கள் என்னையெல்லோ அடைக்கிறியள்."

"ஆள் வந்திட்டுப் போகுமட்டும் ஹீட்டரைப் போடாதை."

அவர் வந்தார். கனிவாகப் பேசினார். ஒரு குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனார். திரும்பியும் வரக்கூடும் என்று பலகையை விட்டுவைத்தேன்.

பனி மறுபடியும் கொட்டத் தொடங்கியது. படியடியில் நின்று, "உந்தப் பலகையைக் கழட்டி விடுங்கோவன், கை விறைக்குது," என்றாள்.

"வாற கிழமை பாப்பம்."

அடுத்த நாள் தலையிடிக்குது என்றாள். கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னேன். அவள் ஹீட்டரைப் போடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அடைத்த குழாயிலிருந்து புகை எங்கே திரும்பும் என்பதும் தெரியும்.

சனிக்கிழமை காலை அவள் எழும்பவில்லை. அம்புலன்சைக் கூப்பிடுமுன் வெளியே போய்ப் பலகையைக் கழற்றினேன். பஞ்சைப் பிடுங்கி, மூடியைத் திரும்பப் பூட்டினேன். விசாரிக்க வந்தவர்கள் பழைய ஹீட்டரின் நச்சுப்புகை என்று எழுதினார்கள். செத்தவீட்டில் பக்கத்து வீட்டுப் பத்மநாதன் அண்ணை என் கையைப் பிடித்து, "பிள்ளை மாதிரியெல்லோ பாத்தனீர்," என்று அழுதார். நானும் அழுதேன்.

நான் அவளைக் கவனியாமல் விட்டேன் என்று யாரும் நினைக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் முழுவதும் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் காலுக்குக் கீழே தரை இளஞ்சூடாக இருந்தது. காலுறையைக் கழற்றிவிட்டு அதில் வெறுங்காலோடு நின்றேன். என் தங்கை குளிரில் கிடக்கவில்லை என்பது நிம்மதியாக இருந்தது.