‘உனக்கு என்னதான் வேணும்?’

சங்கரன்கோவிலிலிருந்து கடையநல்லூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளம்பெண்கள். எல்லாரும் பேசிக்கொள்ளும் ஒரு சிறு முதலீட்டுப் படத்தை ஒருத்தி போனில் பார்த்திருந்தாள்.

“பாட்டு, சண்டை ஒண்ணுங் கெடயாது. புருசன் பொண்டாட்டி சரியாவே பேசிக்கிட மாட்டாங்க. கடைசில அவன், ‘உனக்கு என்னதான் வேணும்?’னு கேக்கான். அழுதுட்டேன்ட்டி.”

“ஏன், துபாய்ல இருந்து ஒம் மாப்பிள்ள கேக்கதே இல்லியா?”

“கேப்பாக. சோப்பா, சென்ட்டான்னு.”

தோழி சிரித்தாள். “நீங்கதான் வேணும்னு சொல்லேன்.”

“எப்படிச் சொல்ல? அங்க அவுககூட ஒரே ரூம்ல எட்டுப் பேரு. அவுக போன்ல ஸ்பீக்கர் மட்டுந்தான் வேல செய்யுது.”

“மொட்டமாடிக்குப் போயிப் பேசச் சொல்லு.”

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அதையும் அந்த எட்டுப் பேரு கேக்கத்தான சொல்லணும்.”