மருத்துவச்சியிடம் சொல்லாதது

சத்தியவேட்டிலிருந்து திருப்பதி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு நிறைமாத கர்ப்பிணி, பக்கத்தில் அவள் அக்கா.

“வூட்டுக்கு வந்து பிரசவம் பாக்க, பாதிக் காசு முன்னாடி போதும்னுதானே அந்த மருத்துவச்சி சொன்னாங்க? ஏன்டி முழுசா குடுத்த?”

“வாங்கிக்கினா வராம இருக்க மாட்டாங்க இல்ல?”

“மொத கொழந்த ஆபரேஷன்னு சொன்னியா?”

“சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போன்னுவாங்க. திரும்பக் கத்தி வெப்பாங்கக்கா. என்னால முடியாது.”

“வயித்துல தழும்பு கீதேடி. பாத்துட மாட்டாங்களா?”

“பாக்கறப்ப எனக்கு வலி வந்திருக்கும். அப்புறம் எப்டி வுட்டுட்டுப் போவாங்க?”

புத்தூரில் பஸ் நின்று கிளம்பியது. அக்கா மெதுவாகக் கேட்டாள்.

“அந்தம்மா நம்பரக் குடு.”

தங்கை போனைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.