மணி அடிக்கிறவன்

மூதூருக்குப் போகும் லோஞ்சு திருகோணமலைத் துறையை விட்டுக் கிளம்பியது. எனக்கு முன்னால் இருந்த பலகையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அக்காவும் தங்கச்சியும் என்று முகமே சொன்னது. மூத்தவரின் கழுத்தில் செபமாலை. இளையவரின் நெற்றியில் குங்குமப் பொட்டு.

“என்ர மகன் பூசைக்கு வாறேல்லை. ஆனா கோயில் மணி அவன்தான் அடிக்கிறவன்,” என்றார் மூத்தவர்.

நான் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தேன்.

“அதென்னக்கா புதுக்கதை?”

“மணியை அடிச்சுப்போட்டு, சனம் உள்ள வர, சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிடுவான். அவன்ர சிநேகிதன் ராசு கடலில செத்தவனெல்லே? சைவப் பெட்டையைப் பதிவுக் கலியாணம் செய்தவனெண்டு பங்குச் சுவாமி துக்கமணி அடிக்க விடேல்லை. அதோட இவனும் இவன்ர கூட்டாளிப் பெடியளும் பூசைக்கு வாறதை விட்டவங்கள்.”

“பிறகென்னத்துக்கு மணி?”

“மணி அடிக்கிற கிழவனுக்கு ஏலாமல் போச்சு. இவன் தானாப் போய்க் கேட்டவன். வேற இளம் பெடியள் ஒருத்தரும் இல்லை, சுவாமி என்ன செய்யிறது? விட்டிட்டார். இனி ஆர் செத்தாலும் ஒண்டும் கேக்காமல் அடிப்பன் எண்டு வீட்டில சொல்லுறான்.”

லோஞ்சு ஆழத்துக்கு வந்து ஆடத் தொடங்கியது. தங்கச்சி பலகையைப் பிடித்துக்கொண்டார்.

“நானும் பிள்ளையார் கோயிலிலதானே அக்கா கலியாணம் கட்டினனான். எனக்கும் அடிப்பானோ?”

அக்கா கடலைப் பார்த்தபடி சொன்னார்:

“உன்னை நினைச்சுத்தானடி அவன் அதைக் கேட்டு வாங்கினவன்.”