கணக்கில் வராத குற்றம்

முதலாண்டு மாணவர்களுக்குக் குற்றவியல் நடத்துவதைப் போல எளிதான வேலை கிடையாது, இன்ஸ்பெக்டர் சார். டிவி சீரியல் பார்த்துவிட்டு வந்து உட்காருவார்கள். குற்றவாளி எப்படி இருப்பான் என்று கேட்டால், கண் சிவந்திருக்கும், கன்னத்தில் வெட்டுத் தழும்பு இருக்கும் என்பார்கள். இல்லை கண்ணுகளா, உங்கள் மாமா மாதிரி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மாதிரி இருப்பான் என்பேன். சிரிப்பார்கள். பதினோரு வருடமாக இதே சிரிப்பைப் பார்த்து எனக்கு அலுத்துப்போய்விட்டது.

முதல் செமஸ்டரிலேயே கணக்கில் வராத குற்றம் என்று ஒரு பாடம் உண்டு. நடப்பதில் போலீஸுக்குத் தெரிவது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வீட்டுக்குள்ளேயே அமுங்கிவிடும். அதற்காக ஒரு கட்டுரை எழுதச் சொல்வேன். உங்கள் ஊரில் நடந்து, ஸ்டேஷனுக்குப் போகாத ஒரு குற்றம். எழுதியதை யாரிடமும் காட்டமாட்டேன் என்று வாக்கும் கொடுப்பேன். நாற்பது பேரில் முப்பது பேர் கோழித் திருட்டை எழுதுவார்கள். கோழிப்பண்ணை ஊர்ப் பிள்ளைகள் வேறென்னத்தை எழுதும்.

தனப்பிரியா தன் அக்கா நித்யஸ்ரீயைப் பற்றி எழுதியிருந்தாள்.

நித்யஸ்ரீ, போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்த ஒருவனைத்தான் கட்டுவேன் என்று நின்றவள். மூன்று வருடத்துக்கு முன் வயிற்று வலியில் செத்துப்போனாள் என்றுதான் மல்லசமுத்திரம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். தங்கை எழுதியது வேறு. காலைக் காப்பியில் பூச்சிமருந்தைக் கலந்தது, அப்பா தாடையைப் பிடித்து ஊற்றியது, அம்மா வசந்தாமணி கதவைப் பார்த்துத் திரும்பி நின்றது. நான்கு பக்கம். ஒரு பிழை இல்லை. என் சர்வீஸில் நான் படித்த நல்ல கட்டுரை அதுதான்.

மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: அப்பா யாருக்கோ போன் செய்தார். பிறகு அம்மாவிடம், "பயப்படாத. டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு, மத்தியானத்துக்குள்ள எரிச்சுட்டா ஒண்ணும் வராதாமா" என்றார்.

அவளுடைய அப்பா சின்னண்ணன் எனக்குப் பங்காளி. ஒரே கூட்டம், ஒரே குலதெய்வம், அண்ணன் முறை. அந்த உறவை நம்பித்தான் பெண்ணை என் கல்லூரியில் சேர்த்தார். அதே உறவை நம்பித்தான் அவளும் எழுதினாள். வகுப்பு முடிந்ததும் என் அறைக்கு வந்தாள்.

"போன்ல அப்பாவுக்குச் சொல்லிக் குடுத்தது யாருன்னு மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க சார். அது தெரிஞ்சா நான் ஸ்டேஷனுக்கே போயிருவேனுங்க."

"செரி சாமி, பாக்கலாம்" என்றேன்.

கண்டுபிடிக்க வேண்டிய வேலையே எனக்கு இல்லை. நித்யஸ்ரீ செத்த அன்று காலை சின்னண்ணன் போன் செய்தது எனக்குத்தான். சொந்தத்தில் குற்றவியல் படித்தவன் நான் ஒருவன்தானே. அவர் கேட்டார், சொன்னேன். மாணவன் சந்தேகம் கேட்டால் ஆசிரியர் சொல்வதில்லையா. நான் சொல்லும்போது அந்தப் பெண்ணுக்கு மூச்சு நின்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கேட்டுக்கொள்ளவில்லை.

தனப்பிரியா மேல் எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கப்போவதில்லை. சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இத்தனை வருடம் பேசியிருக்கிறேன். ஒருத்தி, ஒரே ஒருத்தி, பாடத்தை ஒழுங்காகக் காதில் வாங்கினாள். அது என் தலையிலேயே வந்து விடிந்தது.

சின்னண்ணனுக்குப் போன் செய்தேன். "அண்ணா, புள்ள என்னென்னமோ எழுதி வெச்சிருக்குதுங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பேசுங்க."

"செரி தம்பி, சனிக்கெழம வாரேன்."

எங்கள் ஹாஸ்டலில் ஒரு பெண் வெளியே போக வேண்டுமென்றால் வகுப்பு ஆசிரியர் அவுட்பாஸில் கையெழுத்துப் போட வேண்டும். பெற்ற அப்பாவே கேட்டில் வந்து நின்றாலும் அந்தச் சீட்டு இல்லாமல் வாட்ச்மேன் விடமாட்டார். சனிக்கிழமை அவள் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கையெழுத்துப் போடாதீங்க சித்தப்பா. உங்க கால்ல வேணாலும் உளுகறேன்."

கல்லூரியில் அவள் என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டது அன்று ஒருநாள்தான். மனசு ஒரு நிமிடம் சங்கடப்பட்டது. காரணம் என்ற கட்டத்தில் 'குலதெய்வம் கோயில் பொங்கல்' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் கோயில் பொங்கல் மாசியில் வரும். அது ஐப்பசி. கட்டுரையை மடித்து அவள் அப்பா கையில் கொடுத்தேன்.

ஞாயிறு மத்தியானம் அவளைக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள். தவறி விழுந்துவிட்டாள் என்று ஊருக்குக் காட்ட, சின்னண்ணன் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் போலீஸ் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. நான் பக்கத்தில் இருந்திருந்தால் அப்படி ஒரு காரியத்தைச் செய்ய விட்டிருக்கமாட்டேன். நீங்களும் இங்கே வந்திருக்கமாட்டீர்கள்.

எனக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது, சார். ஞாயிறு காலை ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவில் சின்னண்ணன் என்னை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். போனிலேயே இருக்கிறது, பாருங்கள். எதற்குக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். எடுக்கவில்லை. பதினோரு மணிக்குத் தனப்பிரியா வாசலில் துணி காயப்போட்டதைப் பக்கத்து வீட்டு ஆராயி பார்த்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள். சரி, பார்த்திருக்கலாம். ஆனால் இந்தத் தடவை என்னிடமிருந்து அவருக்கு ஒரு வார்த்தை போகவில்லை. அதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.