முப்பாட்டன் வர்ற சந்து

— சந்து எங்க தம்பி?

— எந்தச் சந்தும்மா?

— முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இருந்த சந்து. அளவெடுத்த அன்னிக்கே படிச்சுப் படிச்சு சொன்னேன்ல? இப்ப கண்ணாடியில பாத்தா மதில்சுவர் மாதிரி அடைச்சுக்கிட்டு நிக்குது.

— இது மெழுகுல வச்சதும்மா, சும்மா போட்டுப் பாக்கறதுக்கு. பல்செட் கட்ட வர்றவங்க எல்லாம் சந்தை அடைங்கன்னுதான் கேப்பாங்க. நீங்க ஏதோ வாய் தவறி சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன். பாருங்க, பத்து வயசு குறைஞ்சு போச்சு.

— வயசு குறைஞ்சு நான் எங்க போகப்போறேன்? பாப்பா, போனை நோண்டினது போதும், இவருக்கு எடுத்துச் சொல்லு.

— அண்ணே, எங்க அத்தை வாயில சந்து இல்லன்னா எங்க வீட்ல ஒரு காரியமும் நடக்காது. எங்க அப்பா சட்டை எடுக்கறதுன்னாலும் அக்கா என்ன சொல்றாங்கன்னுதான் கேப்பாரு. பல்லைப் பிடுங்கினதுலேர்ந்து குடும்பமே முடிவெடுக்க ஆளில்லாம உக்காந்திருக்கு.

— கிண்டல் பண்றா தம்பி, இவ அப்படித்தான். எங்க முப்பாட்டனுக்கு இந்தச் சந்து இருந்துச்சு. அவர் சொன்னா சொன்னதுதான். ஒரு நாள் இந்த வீட்டுக் கூரை விழும்னு சொன்னாராம். விழுந்துச்சு.

— அந்தக் கூரையைப் போட்டதே அவர்தானே அத்தை.

— வாயை மூடு. தலைமுறைக்கு ஒருத்தருக்குத்தான் தம்பி இந்தச் சந்து வரும். யாருக்கு வருதோ அவங்க வாயில அவரே வந்து பேசுவாரு. இவ சித்தப்பன் கடை தொறந்தப்ப, இது ஓடாதுன்னு சொன்னேன். ஓடுச்சா?

— நீங்க சொன்னதைக் கேட்டு சொந்தக்காரங்க ஒருத்தரும் அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கல. அப்புறம் எப்படி ஓடும்?

— கேட்டியா தம்பி? ஓடலன்னு அவளே ஒத்துக்கறா.

— அம்மா, எனக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது. சந்து விட்டா சாப்பிடறது மாட்டும், பேசினா விசிலடிக்கும். அதான் யோசிக்கறேன்.

— அடிக்கட்டுமே. அந்த விசில் இல்லாம நான் பேசினா எவன் கேப்பான்? போன வாரம் வெறும் வாயோட, மழை வரும் குடை எடுத்துட்டுப் போடான்னு இவ அப்பன்கிட்ட சொன்னேன். சிரிச்சுட்டுப் போறான் தம்பி. என்னைப் பாத்து சிரிச்சுட்டுப் போறான்.

— மழை வந்துச்சாம்மா?

— அது வரல. அதை விடு.

— சரி, எடுத்துக் குடுங்க, சந்து விட்டே அடுக்கிடறேன். எப்ப வேணும்?

— ஞாயித்துக்கிழமைக்குள்ள. அன்னிக்கு எல்லாரும் உக்காந்து இவ கல்யாணத்தைப் பேசறாங்க. என் வாக்கு இல்லாம என் தம்பி வாயைத் தொறக்க மாட்டான்.

— நல்ல விஷயம்தானே! மாப்பிள்ளை என்ன பண்றாரு?

— மாப்பிள்ளையாம் மாப்பிள்ளை! எவனோ ஒரு லாரி டிரைவர். இவளா பாத்து வச்சிருக்கா. அவனை வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் தம்பி இவ்வளவு அவசரம்.

— பாத்தீங்களா அண்ணே? என் கல்யாணத்தை நிறுத்தப்போற பல்லு. அதை வாங்கறதுக்கு ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டு வந்தது நானு.

— அத்தைன்னா அந்தப் பாசம் இருக்கணும்லடி?

— ஆனா அத்தை, ஒரு சந்தேகம். பிளாஸ்டிக் பல்லுல எப்படி முப்பாட்டன் வருவாரு?

— கூறுகெட்டவளே, அவர் பல்லுலயா வர்றாரு? சந்துல வர்றாரு. பல்லு எதுல செஞ்சா என்ன? சந்துங்கறது ஒண்ணுமில்லாத இடம்தானே!

— அய்யோ அத்தை... முடியல.

— பாப்பா, கொஞ்சம் இருங்க. திரும்ப அதே மாதிரி சிரிங்க. லைட்டுப் பக்கமா.

— எதுக்கு அண்ணே?

— உங்க முன்பல்லுக்குப் பின்னாடி கம்பி ஒட்டியிருக்கு. சின்ன வயசுல கிளிப் போட்டீங்களா?

— ஆமா, பள்ளிக்கூடம் படிக்கறப்ப. நடுவுல ஒரு சந்து... அண்ணே, எனக்கும் சந்து இருந்துச்சு!

— தம்பி, நீ மெழுகைப் பாரு. இறுகிடப் போகுது.

— அத்தை. என்னைக் கிளிப் போட கூட்டிட்டுப் போனது நீங்கதானே?

— அழகா இருக்கணும்னு கூட்டிட்டுப் போனேன். பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குடி சந்து?

— அப்ப நீங்க ஆம்பளையா?

— எதிர்த்துப் பேசாதே. அப்ப நீ என்ன பண்ணினேன்னு ஞாபகம் இருக்கா? உன் பெரியப்பன் வண்டி வாங்கிட்டு வந்து நிக்கறான். நீ ஐஸ்கிரீமை நக்கிக்கிட்டே, இது கவுந்துடும்னு சொன்ன. மறுநாளே கவுந்துச்சு. மொத்த வீடும் உன் வாயையே பாக்குது. ஒரு வீட்ல ரெண்டு பேர் வாக்கு சொன்னா அது வீடா?

— பெரியப்பாவுக்கு வண்டி ஓட்டவே தெரியாதே அத்தை!

— அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியணுமே.

— அண்ணே, இந்தக் கம்பியை எடுத்துட்டா என்ன ஆகும்?

— எடுக்காதீங்க பாப்பா. எடுத்தா பல்லு மெதுவா பழைய இடத்துக்கே போயிடும். சில மாசத்துல சந்து வந்துடும்.

— நெஜமாவா?

— பல பேருக்கு அப்படித்தான் ஆகுது. முன்னாடி ரூம்ல டாக்டரம்மா இருக்காங்க, கம்பியை அவங்கதான் எடுக்கணும். அஞ்சு நிமிஷ வேலை.

— அப்ப எடுத்துடலாம். ஞாயித்துக்கிழமைப் பேச்சைத் தள்ளி வைக்கச் சொல்லிடறேன். சந்து வரட்டும், என் கல்யாணத்துக்கு வாக்கை நானே சொல்லிக்கறேன். அத்தையோடது பிளாஸ்டிக், என்னோடது ஒரிஜினல். முப்பாட்டன் எதுல வர்றாருன்னு பாத்துடுவோம்.

— பாப்பா.

— என்ன அத்தை?

— கம்பியில கை வைக்காதே. இப்படி வந்து உக்காரு.

— உக்காந்துட்டேன். சொல்லுங்க.

— மாப்பிள்ளை எந்த வண்டி ஓட்டறாருன்னு சொன்ன?