ஈயக்குட்டையில் ரெண்டு நூல் பட்டம்

அய்யோ, சுண்டாதீங்கண்ணே! கார நிறுத்திட்டு வந்து ஆசையா கேட்டீங்கன்னு குடுத்தா, கிழிச்சுருவீங்க போல. பட்டம்னா சுண்டி இழுக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்தா? அது ஒத்த நூல் பட்டத்துக்குலா. இதுக்கு ரெண்டு நூல், கம்போட ரெண்டு முனையிலயும் கட்டிருக்கு. இடது கையி இழுத்தா பட்டம் இடது பக்கம் போவும், வலது கையி இழுத்தா வலது பக்கம். சைக்கிள் ஓட்டுவீங்கல்ல? ஹேண்டல் புடிக்கிற மாதிரி புடிங்க. ஆ, விழுந்துருச்சு. பரவால்ல. மொதநாளு நானு லாலாங் புல்லுல மூஞ்சியத் தேச்சுகிட்டே குட்டைக் கரை வரைக்கும் போனேன். டேய் ராஜு! பட்டத்தத் தூக்கி நிறுத்துடா!

அவன் எங்கண்ணன் டொமினிக்கோட கூட்டாளி. மூக்குல என்னா பிளாஸ்திரின்னா? அதக் கேளுங்க. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், பட்டம் ரொம்ப இழுத்தா கம்ப விட்டுருடா, விட்டா அது செத்த காக்கா மாதிரி விழுந்துரும், உனக்கு ஒன்னும் ஆவாதுன்னு. இவரு தைப்பூசத்துல மாமன் அலகுக் காவடிக்குப் பின்னால கயிறு புடிச்சவரு. கோயில் வாசல் வர்ற வரைக்கும் கயித்த விடக்கூடாது, விட்டா சாமி குத்தம். அதே புத்தி இங்கயும்! கம்பு கைய விட்டுப் போயிருமோன்னு இடுப்போட சேத்து முடிச்சே போட்டுட்டான். காத்து வந்துச்சு பாருங்க, சீனக் கெழவரோட கங்கோங் கீரைப் பாத்திய ஒன்னு விடாம உழுதுட்டான். கெழவரு மம்மட்டியத் தூக்கிகிட்டுத் தொரத்துறாரு, இவன் நிக்க மாட்டேங்கிறான். நிக்கவா முடியும்? பட்டம்லா இழுத்துகிட்டுப் போவுது! சிரிக்காதடா, பட்டத்த நேராப் புடி!

ம், இப்ப காத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்க. பட்டம் நேரா தலைக்கு மேல நின்னா சாது, கன்னுக்குட்டி மாதிரி. அதையே சாச்சு எறக்கினீங்கன்னா பேய். அந்தப் பேய் நமக்கு வேணும். அதுதான் ஆளத் தண்ணி மேல இழுத்துகிட்டுப் போவும்.

ஆமாண்ணே, தண்ணி மேலதான். ஈயம் தோண்டி விட்ட இந்தக் குட்டைய இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கு நின்னுகிட்டே போவப்போறேன். அந்தா கெடக்குது பாருங்க பலகை. பலகையில்ல, கதவு. நாங்க இருந்த ரப்பர் தோட்டத்த வித்து, லயத்து வீடுங்கள இடிச்சாங்கல்ல, அப்ப டொமினிக் எங்க வீட்டுக் கதவ மட்டும் சைக்கிள்ல கட்டித் தூக்கிட்டு வந்துட்டான். நம்பர் கூட இன்னும் அழியல. மேல ரெண்டு பழைய சப்பாத்த ஆணி வெச்சு அடிச்சிருக்கேன், காலு உள்ள நொழைச்சா வழுக்காது. நீங்க புடிச்சிருக்கீங்களே கம்பு, அது அம்மா தோள்ல ரப்பர் பால் வாளி தூக்குன காண்டா கம்பு. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பட்டத்துத் துணி அத்தனையும் குடைத்துணி. எங்க சிலிபின் ஊருல யாரு வீட்டுலயாச்சும் குடை காணோம்னா என்கிட்ட கேக்கப்படாது.

பைத்தியமா? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. வெள்ளக்காரன் ஒருத்தன் பட்டத்தக் கட்டிப் படகு விட்டான்னு புஸ்தகத்துல படம் போட்டிருந்தா, அது ஆராய்ச்சி. அந்தோணிமுத்து மக கெர்ட்ரூட் செஞ்சா, பைத்தியம். போங்கலா!

இன்னிக்கே பலகையில ஏறியாவணும்ணே. ஏன்னா அஞ்சு மணிக்கு வீட்டுல பொண்ணு பாக்க வர்றாங்க. எனக்குத்தான்லா, பின்ன டொமினிக்குக்கா? ஆறாம் பாரம் படிக்கிறேன், வருசக் கடைசியில யுனிவர்சிட்டிக்குப் போற பரீட்சை. மாப்பிள்ளை வீட்டுல சரின்னுட்டா அதுக்கு முந்தியே கல்யாணம், ஸ்கூலுக்கு முழுக்கு. படிச்சது போதும்ங்கிறாரு அப்பா. அவருக்குப் போதும், எனக்குப் போதலயே!

மாப்பிள்ளையா? பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்துல கிராணியாம், கணக்கு எழுதுற வேலை. ரொம்ப அமைதியான பையனாம். அமைதின்னா என்னா தெரியுமாண்ணே? அம்மா இந்தப் பக்கம் இழுத்தா இந்தப் பக்கம், அப்பா அந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம். ஏன் இருமுறீங்க? தூசியா? வாய மூடிகிட்டு பட்டத்தப் பாருங்க.

ராஜு, விடு! ஏறுது, ஏறுது! வலது... வலதுண்ணே, சோறு திங்கிற கையி! இப்ப இடது! அப்படித்தான்! எட்டுப் போடுது பாருங்க! அய்யய்யோ, கார்ல சாஞ்சு நின்னு வேடிக்கை பாத்த மனுசனா இது? ஆமா, குதிங்க! தூக்குதுல்ல? வயித்துக்குள்ள கிச்சுகிச்சு மூட்டுதுல்ல? இதுக்குத்தான்ணே, இதுக்குத்தான் நான் தெனமும் ஸ்கூல் விட்டு ஓடியாறேன்! காலு தரையில இல்ல பாருங்க!

என்னா? என்னா கத்துறீங்க? காத்துல கேக்கல. இன்னொருக்கா சொல்லுங்க!

தள்ளி நில்லு தங்கச்சி, நூலு கழுத்த அறுத்துரும்னா? சரி சரி, தள்ளிட்டேன். டேய் ராஜு, உனக்குக் கேட்டுச்சா? என்னான்னு கேட்டுச்சு? தங்கச்சின்னுதானே? கேட்டுச்சாம்.

போதும்ணே, மெதுவா எறக்குங்க. கம்பக் குடுங்க. சட்டையத் தட்டுங்க, முழுக்க லாலாங் பூவு. உங்கம்மா பாத்தா ஏசுவாங்க. பத்து காஜா ஊருல உங்க மாமா வீட்டுலேர்ந்து இந்நேரம் கெளம்பிருப்பாங்க.

எப்படித் தெரியுமா? அலெக்சாண்டர் அண்ணே, மாப்பிள்ளைன்னு குடுத்த உங்க போட்டோ எங்க வீட்டு மாதா படத்துக்குக் கீழ ஒரு வாரமா நிக்குது. காருக் கண்ணாடியில தலை சீவுனப்பவே தெரிஞ்சுபோச்சு. சீக்கிரம் வந்துட்டீங்க, நேரத்த ஓட்ட எங்கயாச்சும் நிக்கணும், என் குட்டைக்கரையில வந்து நின்னுட்டீங்க. மாதாதான் அனுப்பிவெச்சாங்க, வேற யாரு!

நான் அண்ணேன்னு கூப்புட்டது செல்லாது. ரோட்டுல போறவன எல்லாம் அண்ணேன்னுதான் கூப்புடுறோம், அப்பா அதத் தள்ளிருவாரு. நீங்க திருப்பித் தங்கச்சின்னீங்க பாருங்க, அதுவும் சாட்சி வெச்சுகிட்டு! இனிமே எந்த மாதா கோயில்ல அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாண ஓலை வாசிப்பாங்க?

நேரா வேணாம்னு சொல்லிருக்கலாமேன்னா? சொன்னேண்ணே. அப்பாகிட்ட சொன்னேன், அம்மாகிட்ட சொன்னேன், கோயில் பாதர்கிட்ட போயி அழுதுகிட்டே சொன்னேன். பொண்ணு வேணாம்னா வெக்கப்படுறான்னு அர்த்தமாம். நான் கத்துனா ஒருத்தருக்கும் காது கேக்கல. மொறை தப்புன்னு சொன்னா மட்டும் ஊருக்கே கேக்கும்.

என்னாது? நீங்களே அப்பாகிட்ட சொல்றீங்களா? மெய்யாவா? மாதா மேல சத்தியமா?

அப்படின்னா நின்னுகிட்டே சொல்லுங்கண்ணே. உக்காந்தா கேசரி வந்துரும். கேசரி தின்ன வாயால வேணாம்னு சொல்றது ரொம்பக் கஷ்டம்லா.